பூட்டிய வண்டிக்குப் பொதுப்பணம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கும் இந்தியருக்கு இரண்டு சாவிகள் தேவை. வண்டியை ஓட்டும் சாவி ஷோரூமிலேயே கையில் கிடைத்துவிடுகிறது. வண்டிக்கு என்ன கோளாறு என்று அறியும் சாவி நிறுவனத்தின் கணினியில் தங்கிவிடுகிறது. பதிவுச் சான்றில் அவர் பெயர் இருக்கிறது; காப்பீடு அவர் பெயரில் இருக்கிறது; கடன் தவணை மாதந்தோறும் அவர் வங்கிக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படுகிறது. ஆனால் திரையில் ஒரு பழுதுக் குறியீடு தோன்றியதும் அவர் உரிமையாளர் என்ற தகுதியை இழந்து மனுதாரராகிவிடுகிறார்.

தொழில்நுட்பத்தின் இயல்பே இப்படித்தான் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் பிழையானது. இந்த நிலையை உண்டாக்கியது கொள்கையின் அலட்சியம். பத்தாண்டுகளாகப் பொதுப்பணத்தைக் குடித்து வளர்ந்த ஒரு தொழில், அதற்குக் கைம்மாறாக வண்டியைப் பழுதுபார்க்கத் தேவையான அறிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். மானியம் வழங்கிய அரசு அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்கும்படி வலியுறுத்தியிருக்க வேண்டிய கல்விப்புலமும் வாய் திறக்கவில்லை.

முதலில் கோளாறுகளைப் பார்க்கலாம். புது மின்வண்டியின் தொடக்க மாதங்களில் வரும் தொல்லைகளில் பல மிக எளியவை. இரவு முழுவதும் செருகி வைத்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், உரிமையாளர் வண்டியைச் சந்தேகிப்பார். ஆனால் பல சார்ஜர்கள் எர்த் இணைப்பு இல்லாத பிளக் பாயிண்டில் வேலை செய்ய மறுக்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. பழைய வாடகை வீடுகளின் சுவரில் மூன்று துளைகள் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் இதை இரண்டு நிமிடத்தில் கண்டுவிடுவார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் காட்டும் கருவி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதையொட்டிய அளவைக் காட்டாவிட்டால் குறை சுவரில் இருக்கிறது.

முந்தைய மாலை நன்றாக ஓடிய வண்டி காலையில் திரைகூட ஒளிராமல் கிடக்கும். பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருக்கும்; திரை, விளக்கு, ஹாரன், பூட்டு ஆகியவற்றை இயக்கும் 12 வோல்ட் துணை பேட்டரி, அது உள்ள மாடல்களில், வடிந்துபோயிருக்கும். இன்னொரு வண்டியில் திரை ஒளிரும், ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சக்கரம் அசையாது. சைடு ஸ்டாண்டின் சென்சாரில் சேறு படிந்திருக்கலாம். பிரேக் பிடியின் சிறு சுவிட்ச் சிக்கிக்கொண்டு, பிரேக் பிடித்திருப்பதாகவே கன்ட்ரோலருக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கலாம். மழைக்குப் பின் வரும் கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு கனெக்டரில் புகுந்த ஈரம். இவற்றில் எதற்கும் முனைவர் பட்டம் தேவையில்லை. தெருமுனைப் பட்டறையில் பத்தாண்டு வேலை செய்த ஒரு மெக்கானிக்குக்கு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டும் ஒரு வரைபடம் போதும்.

அடுத்த வகைக் கோளாறு நுட்பமானது. 30 விழுக்காடு காட்டிய திரை, ஒரு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் 8 விழுக்காட்டைக் காட்டுகிறது. பிறகு வண்டி நின்றுவிடுகிறது. பெட்ரோல் தொட்டியில் மிதவை எண்ணெயின் மட்டத்தை நேரடியாக அளக்கிறது. பேட்டரியில் அப்படி அளக்கக்கூடிய மட்டம் எதுவும் கிடையாது. உள்ளே சென்ற மின்னோட்டத்தையும் வெளியே வந்த மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து, செல்களின் வோல்டேஜோடு ஒப்பிட்டு, மென்பொருள் ஒரு மதிப்பீட்டைச் சொல்கிறது. கூட்டல் கழித்தலில் சிறு பிழைகள் நாள்தோறும் சேரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை செல்களில் சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் நெடுநேரம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்பதால், அந்தப் பிழையைத் திருத்துவது இன்னும் கடினம். முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சிறிது நேரம் அப்படியே விட்டுவைத்தால் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகாவிட்டால் வேறொரு காரணம் இருக்கலாம். தொடராக இணைக்கப்பட்ட செல் வரிசைகளில் ஒன்று மட்டும் நலிந்திருந்தால், அது கீழ் எல்லையைத் தொட்டவுடன் பேட்டரியின் காவல் மென்பொருள் மொத்தத் தொகுப்பையும் நிறுத்திவிடும். மற்ற வரிசைகளில் மிஞ்சியிருக்கும் சார்ஜ் பயன்படாது. முதல் காரணம் செலவில்லாமல் தீரும். இரண்டாவது காரணம் வாரண்டியில் பேட்டரியை மாற்றிக் கேட்கும் உரிமையைத் தரும். இரண்டையும் பிரித்தறிய வேண்டியது ஒரே ஒரு தகவல்: ஒவ்வொரு செல் வரிசையின் வோல்டேஜ். அந்த எண்கள் வண்டிக்குள் நொடிதோறும் கணக்கிடப்படுகின்றன. இணைய வசதியுள்ள வண்டிகளில் அத்தகைய தகவல்கள் நிறுவனத்தின் சர்வருக்கும் போகக்கூடும். வண்டிக்குத் தெரிந்தது, நிறுவனம் தெரிந்துகொள்ளக்கூடியது, விலை கொடுத்தவருக்கு மட்டும் மறைக்கப்படுகிறது. அவருடைய செயலியில் வருவது ஓர் எண். அதன் கீழே சேவை மையத்தை அணுகவும் என்ற ஒரு வரி.

சேவை மையம் அடுத்த தெருவில் இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பல சிறு நகரங்களில் விற்பனைக் கடை இருக்கும், பழுதுபார்க்கும் இடம் அடுத்த மாவட்டத்தில் இருக்கும். வண்டியை ஏற்றிச் செல்ல வாடகை; அங்கே வரிசை; வரிசைக்குப் பிறகு உதிரி பாகம் வரவில்லை என்ற பதில். சில மாடல்களில் கன்ட்ரோலரையோ பேட்டரியையோ வேறு வழியில் பெற்றுப் பொருத்தினாலும் பயனில்லை. நிறுவனத்தின் கணினி அந்தப் பாகத்தை அங்கீகரிக்காதவரை வண்டி நகராது. உணவு விநியோகத் தொழிலாளியின் வண்டி பதினைந்து நாள் சேவை மையத்தில் நின்றால் அவருடைய வருமானமும் பதினைந்து நாள் நிற்கிறது. கடன் தவணை நிற்பதில்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு முன்னணி மின்வண்டி நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அந்த ஒரு நிறுவனத்தைப் பற்றி மட்டும் குவிந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களே அதற்குக் காரணம். இதைச் சில தனிமனிதர்களின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தத் தொழில் யார் பணத்தில் வளர்ந்தது? 2015 ஏப்ரலில் ஃபேம் திட்டம் தொடங்கியது. 2019-இல் வந்த அதன் இரண்டாம் கட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2021 ஜூனில் மின் இருசக்கர வாகனத்துக்கான மானியம், பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வாகன விலையில் 40 விழுக்காடு வரை வழங்கலாம் என்று உச்சவரம்பும் உயர்ந்தது. அந்தக் கணக்கில் 3 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட ஒரு ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் வரை பொதுப்பணம் போனது. 2023 ஜூனில் மானியம் 10,000 ரூபாயாகவும் உச்சவரம்பு 15 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் பி.எம். இ-டிரைவ் திட்டம் வந்தது. சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகஸ்டிலேயே 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. பல மாநிலங்கள் சாலை வரியையும் தள்ளுபடி செய்தன. மின்வண்டியே வாங்காத ஒருவர் செலுத்திய வரியும் இந்த வண்டிகளுக்குள் இருக்கிறது.

பணம் கொடுத்த அரசு நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாகங்கள் உள்நாட்டில் தயாரிக்கப்பட வேண்டும் என்றது. பேட்டரி உட்பட மூன்றாண்டு வாரண்டி வேண்டும் என்றது. வாகன விலைக்கு வரம்பு வைத்தது. சில நிறுவனங்கள் சார்ஜருக்குத் தனியாகப் பணம் வசூலித்து, வண்டியின் விலையை வரம்புக்குள் இருப்பதாகக் காட்டியபோது, 2023-இல் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வைத்தது. ஆகவே கண்காணிக்கும் ஆற்றல் அரசுக்கு இருக்கிறது. கேட்காமல் விட்டவைதாம் கவனத்துக்கு உரியவை: பழுதுக் குறியீடுகளின் பொருள், மின்சுற்று வரைபடம், உதிரி பாகங்களின் விலைப்பட்டியல், நோயறியும் மென்பொருள். வண்டி எங்கே செய்யப்படுகிறது என்று துருவிய அரசு, அது எங்கே, யாரால் சரிசெய்யப்படும் என்று கேட்கவே இல்லை. வாரண்டியைக் கட்டாயமாக்கியதும் ஒரு வகையில் பூட்டை இறுக்கியது. வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்ற அச்சம், எர்த் கம்பி இல்லாத பிளக் பாயிண்டுக்குக்கூடச் சேவை மையத்தின் வரிசையில் நிற்க வைக்கிறது.

இந்தக் கேள்வி இந்தியச் சட்டத்துக்குப் புதியதன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் நோயறி கருவிகளையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு வெளியே கிடைக்காமல் செய்து, நுகர்வோரையும் சுயேச்சையான பட்டறைகளையும் முடக்கினார்கள் என்பது அந்த நிறுவனங்கள் மீதான குற்றச்சாட்டு. ஒரு தனிநபர் கொடுத்த தகவலிலிருந்து தொடங்கிய வழக்கு அது. வெளியாரிடம் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் கூறியது. அபராதத் தொகையைப் பற்றி மேல்முறையீடுகள் நடந்தன. தொகையைக் கணக்கிடும் முறை மாறியது. ஆனால் வண்டியை விற்றவர் அதன் பழுதுபார்ப்புச் சந்தையையும் தனியுரிமையாக வைத்துக்கொள்ள முடியாது என்ற கோட்பாடு அன்றே தெளிவாக எழுதப்பட்டுவிட்டது. மின்வண்டித் தொழில் அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே வளர்ந்தும், அதைக் கண்டுகொள்ளாமல் வளர்ந்திருக்கிறது.

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனங்கள் என நான்கு துறைகள் அடையாளம் காணப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம், பொருட்களை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்க முடியும் என்று மதிப்பெண் இடும் திட்டத்தை ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தபோது, முதல் கட்டத்தில் கைப்பேசிகளும் டேப்லெட்டுகளுமே இடம்பெற்றன. பதினைந்தாயிரம் ரூபாய் கைப்பேசிக்கு மதிப்பெண் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு, அதுவும் அரசு மானியத்தோடு, வாங்கும் ஸ்கூட்டருக்கு இல்லை.

பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் விந்தை இன்னும் துலங்கும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், இருசக்கர வாகனங்களிலும் பழுதைத் தானே கண்டறிந்து பதிவுசெய்யும் அமைப்பைக் கட்டாயமாக்கின. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் கெட்டால் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். மின்வண்டிக்குப் புகைக்குழாய் கிடையாது; ஆகவே அந்த விதியும் கிடையாது. பெட்ரோல் வண்டிக்குக் குறைந்தபட்சம் ஒரு பொது ஒழுங்கு உண்டு. அதற்கு மாற்றாக முன்னிறுத்தப்படும் நவீன வண்டியோ ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த மொழியில் மட்டும் பேசுகிறது.

நிறுவனங்கள் இதற்கு மூன்று பதில்கள் வைத்திருக்கின்றன. முதலாவது பாதுகாப்பு. லித்தியம் பேட்டரி அபாயகரமானது, தெருவோர மெக்கானிக் அதைத் தொட்டால் தீப்பிடிக்கும் என்கிறார்கள். அபாயம் உண்மை, உலோகக் கருவி தவறி விழுந்து ஏற்படும் ஷார்ட் சர்க்யூட் கையைச் சுட்டுப் பொசுக்கும், சேதமுற்ற செல் பற்றியெரியும். ஆனால் 2022 கோடையில் நாட்டை அதிரவைத்த தீ விபத்துகளை நினைவுகூர வேண்டும். எரிந்தவற்றில் பெயர்பெற்ற நிறுவனங்களின் புது வண்டிகள் இருந்தன. அந்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதன் விளைவாகவே ஏ.ஐ.எஸ். 156 பாதுகாப்புத் தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களில் கடுமையாக்கப்பட்டது. அபாயம் தொழிற்சாலையிலிருந்தும் வரும் என்பதே அந்தக் கோடை கற்பித்த பாடம். மேலும், செல்லைப் பிரித்துப் பற்றவைப்பதும் அதன் வோல்டேஜைப் படித்துப் பார்ப்பதும் ஒன்றாகா. முதலாவதற்குப் பயிற்சியும் உரிமமும் கேட்கலாம். இரண்டாவதைத் தடுப்பதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது, காய்ச்சல் வந்தவருக்குத் தெர்மாமீட்டர் தர மறுப்பதற்கு ஒப்பாகும். செல் வரிசைகளின் வெப்பநிலையும் வோல்டேஜும் உரிமையாளர் கண்ணில் பட்டால், தீ மூளும் முன்பே எச்சரிக்கை பெறும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது பதில் சிக்கல். மின்சாரமும் மென்பொருளும் கலந்த வண்டி தெருப்பட்டறையின் அறிவுக்கு அப்பாற்பட்டது என்கிறார்கள். இதற்கு மறுமொழி தில்லி, லக்னோ, பாட்னா தெருக்களில் மூன்று சக்கரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் பெருந்திரளாகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் மின்வாகனம் இ-ரிக்ஷா. அதை ஷோரூம்கள் கொண்டுவரவில்லை, மானியத்தை நம்பியும் அது பரவவில்லை. 2014 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தடைசெய்தது. 2015-இல் சட்டத் திருத்தம் அதற்கு இடமளித்தது. நான்கு 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் தொடராக இணைந்து 48 வோல்ட், ஒரு கன்ட்ரோலர், ஒரு மோட்டார், ஒரு ஆக்ஸிலரேட்டர். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும். எந்தப் பாகமும் இன்னொரு பாகத்தின் அடையாள எண்ணைக் கேட்பதில்லை. பள்ளிப்படிப்பை முடிக்காத மெக்கானிக்குகள் ஹால் சென்சாரைச் சோதிக்கக் கற்றுக்கொண்டார்கள். கன்ட்ரோலரைத் திறந்து எரிந்த டிரான்சிஸ்டரை மாற்றக் கற்றுக்கொண்டார்கள். இ-ரிக்ஷாவைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அதன் பழைய பேட்டரிகளை முறையற்ற உலைகளில் உருக்குவதால் காரீயம் காற்றிலும் மண்ணிலும் கலக்கிறது. அதன் கட்டமைப்பின் பாதுகாப்பும் கேள்விக்குரியது. ஆனால் தெருவுக்கு மின்சாரம் புரியாது என்ற வாதத்தை அது உடைத்துவிட்டது. தெருவுக்குப் புரியாதது பூட்டு மட்டுமே. பூட்டு புரியாமல் இருப்பதற்காகவே செய்யப்படுகிறது.

மூன்றாவது பதில் அறிவுச் சொத்துரிமை, திருட்டுத் தடுப்பு, இணையப் பாதுகாப்பு. வண்டியின் மென்பொருளை யாரும் திருத்தி எழுதலாம் என்றால் வேக வரம்பை நீக்குவார்கள், திருட்டு வண்டியைத் திறப்பார்கள் என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கோரிக்கை எழுதும் உரிமையைப் பற்றியது அன்று, படிக்கும் உரிமையைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் கையாள்கிறது. பேட்டரியைச் சட்டப்படி வாங்கியவரும் அவர் சார்பாகச் செயல்படும் சுயேச்சையான தொழில்முனைவோரும், அதன் நலத்தைக் காட்டும் தரவுகளைப் படிக்க மட்டுமான அனுமதியோடு பெற வேண்டும் என்கிறது. 25 கிலோவுக்கு மிகாத இலகு வாகன பேட்டரிகளை, அவற்றின் செல்கள் உட்பட, சுயேச்சையான தொழில்வல்லுநர் கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வருகிறது. அந்தச் சந்தைக்கு ஏற்றுமதி செய்ய விரும்பும் இந்திய நிறுவனங்கள் அந்த விதிக்கு உட்பட்டே ஆக வேண்டும். பாரிஸில் விற்கும் வண்டியில் சாத்தியமாகும் திறப்பு பாட்னாவில் விற்கும் வண்டியில் சாத்தியமாகாது என்று எந்தப் பொறியாளரும் வாதிட முடியாது.

தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் இதை வேறு கோணத்தில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். டேவிட் எட்ஜர்டனின் நூல், தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் பட்டியலாக எழுதுவதை விடுத்துப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதிட்டது. டேவிட் ஆர்னால்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, சைக்கிளும் தையல் இயந்திரமும் தட்டச்சு இயந்திரமும் இந்தியாவுக்குள் எவ்வாறு வேர்விட்டன என்று விளக்கியது. அந்த இயந்திரங்கள் இந்தியருடையவை ஆனதற்குப் பழுதுபார்ப்பவர்கள் ஒரு முக்கியக் காரணம். பஞ்சர் கடைக்காரரும் தையல் மெஷின் ரிப்பேர்காரரும் இல்லாவிட்டால் அவை இறக்குமதிப் பொருட்களாகவே நின்றிருக்கும். தில்லியின் காஷ்மீரி கேட், பெங்களூரின் ஜே.சி. ரோடு, கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற உதிரி பாகச் சந்தைகள் பொறியியல் கல்லூரிகளுக்கு வெளியே இயங்கிய பயிற்சிக் கூடங்கள். நாடு முழுவதும் தெருமுனைப் பட்டறைகளில் கைமாறி வந்த இந்த அறிவை, எரிபொருள் மாறிய ஒரே காரணத்தால் செல்லாக்காசாக்குவதற்கு யாருக்கும் அதிகாரம் அளிக்கப்படவில்லை. மின்வாகன மெக்கானிக் என்ற தொழிற்பிரிவை ஐ.டி.ஐ.களில் அரசே நடத்துகிறது. அங்கிருந்து வெளிவரும் இளைஞர் சொந்தமாகப் பட்டறை வைத்தால், எந்த நிறுவனத்தின் வண்டியையும் படிக்க அவருக்கு வழியில்லை. ஒரு கையால் தொழிலைக் கற்பித்து, மறு கையால் அதன் கருவியைப் பறிப்பதற்குத் திறன் மேம்பாடு என்று பெயர்.

சூழலியல் வாதமும் இதில் சிக்கிக்கொண்டிருக்கிறது. மின்வண்டி தூய்மையானது என்ற கூற்று, அது நெடுங்காலம் ஓடும் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. வண்டி விலையில் பெரும்பங்கு பேட்டரியின் விலை. ஒரே ஒரு செல் வரிசை நலிந்ததற்காக முழுத் தொகுப்பையும் மாற்றினால், சுரங்கத்திலிருந்து எடுத்த லித்தியமும் நிக்கலும் பாதி வாழ்வில் கழிவாகின்றன. பேட்டரியின் உண்மை நிலையை அறிய முடியாத பழைய வண்டியை யாரும் நம்பி வாங்குவதில்லை. மறுவிற்பனைச் சந்தை நலிகிறது. ஏழைக் குடும்பம் பழைய மின்வண்டி வாங்கும் வாய்ப்பும் அதோடு போகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மானிய விசாரணைக்குப் பிறகு விற்பனை சரிந்து, நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்குள் சென்ற நிறுவனம் இந்தியாவிலேயே இருக்கிறது. நிறுவனம் மூடினால் அதன் சர்வர் அணையும். சர்வர் அணைந்தால் பாகத்தை அங்கீகரிக்க ஆளில்லை. மோட்டாரும் சட்டகமும் நன்றாக இருந்தும் வண்டி அநாதையாகிவிடும். பெட்ரோல் வண்டியில் இந்த ஆபத்து குறைவாக இருந்தது. உற்பத்தி நின்று ஆண்டுகள் கடந்த ஸ்கூட்டர்களும் அம்பாசடர் கார்களும் இன்றும் ஓடுவதற்கு, அவற்றின் பழுதறிவு பொதுவெளியில் இருந்ததே காரணம்.

கல்விப்புலத்தின் பங்கையும் பேசாமல் விட முடியாது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிடும் வழிமுறைகளைப் பற்றி, கால்மன் ஃபில்டர் முதல் நியூரல் நெட்வொர்க் வரை, இந்தியப் பொறியியல் துறைகள் ஆண்டுதோறும் கட்டுரைகளைக் குவிக்கின்றன. அவற்றில் பல, நாசாவும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் திறந்துவைத்த ஆய்வகத் தரவுகளை நம்பியிருக்கின்றன. 2023–24 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இருசக்கர வாகனங்கள் பதிவாயின. அவற்றின் பேட்டரிகள் 45 டிகிரி வெயிலிலும் குண்டும் குழியுமான சாலையிலும் எப்படி மூப்படைகின்றன என்ற தரவு, இந்த நாட்டின் சூழலுக்கே உரிய அறிவியல் செல்வம். அதற்குப் பொதுமக்கள் மானியம் கொடுத்தார்கள். தரவு தனியார் சர்வர்களில் கிடக்கிறது. அயல்நாட்டு ஆய்வகத்தின் செல்லைக் கொண்டு இந்தியச் சாலையைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டிய நிலையைப் பற்றி எந்தத் துறைத்தலைவரும் எந்த அமைச்சகத்துக்கும் கூட்டாக ஒரு கடிதம் எழுதியதாகப் பொதுவெளியில் தடம் இல்லை. நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் பல்கலைக்கழகங்கள், வளாகத்துக்கு மின்வண்டிகளை மொத்தமாக வாங்கும் பல்கலைக்கழகங்கள், தங்கள் ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்கக்கூடிய ஒரே ஒரு வரி போதும்: பழுதுக் குறியீடுகளும் பேட்டரித் தரவும் வாங்குபவருக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த வரியை எழுத எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

கோரப்பட வேண்டியவை ஐந்து. ஒவ்வொரு மாடலின் பழுதுக் குறியீடுகளும் அவற்றின் பொருளும் மின்சுற்று வரைபடமும் இந்திய மொழிகளில் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். செல் வரிசைகளின் வோல்டேஜ், வெப்பநிலை, சார்ஜ் ஏறிய சுற்றுகள், எஞ்சிய கொள்ளளவு ஆகியவற்றை உரிமையாளர் நிறுவனத்தின் அனுமதியின்றிப் படிக்க ஒரு பொதுத் தர இணைப்பு வேண்டும். உதிரி பாகங்களும் நோயறி மென்பொருளும் எந்தப் பட்டறைக்கும் அறிவிக்கப்பட்ட விலையில் கிடைக்க வேண்டும். மாடல் விற்பனை நின்ற பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் கிடைக்க வேண்டும். வெளியாரிடம் பழுதுபார்த்ததற்காக மட்டும் வாரண்டி மறுக்கப்படக் கூடாது. வெளியார் செய்த சேதம் என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. நிறுவனம் மூடினால் வண்டிகளை இயங்க வைக்கும் மென்பொருளும் அங்கீகாரக் குறியீடுகளும் ஒரு பொது அமைப்பிடம் முன்கூட்டியே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவை கைக்கு எட்டாத கோரிக்கைகள் அல்ல. 2023 அக்டோபரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இலகு மின்வண்டிகளுக்கான சார்ஜிங் கனெக்டருக்கு ஐ.எஸ். 17017 வரிசையில் ஒரு பொதுத் தரத்தை வெளியிட்டது. ஓர் இந்திய நிறுவனம் உருவாக்கிய வடிவமைப்பே அதற்கு அடித்தளம். மின்சாரம் நுழையும் வாயிலுக்குப் பொதுத் தரம் எழுத முடிந்தது. தகவல் வெளிவரும் வாயிலுக்கும் எழுத முடியும். அதை வாகனத்துக்கான வகை ஒப்புதலின் நிபந்தனையாக்க வேண்டும். மானியம் சுருங்கிக்கொண்டே வருகிறது, ஒரு நாள் நின்றும் போகும். வகை ஒப்புதல் இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வர முடியாது.

மின்வண்டியை எதிர்ப்பவர்களின் வாதம் அல்ல இது. நகரங்களின் காற்று தூய்மையாக வேண்டும். பெட்ரோல் இறக்குமதி குறைய வேண்டும். அதற்கு மின்வண்டி வேண்டும். அந்த மாற்றம் நிலைக்க வேண்டுமானால், தவணை கட்டும் மனிதர் தன் வண்டியைப் பற்றிய உண்மையைத் தன் தெருவிலேயே கேட்டறிய முடிய வேண்டும். இல்லையேல் அவர் அடுத்த முறை பெட்ரோல் வண்டிக்கே திரும்புவார். அவரைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி இருக்காது.